பிறந்த பிள்ளைக்குக் காது கேட்குதோ? இப்பவே பாருங்கோ

(மங்காஃபில் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புது நாட்டிலை விசா, வீடு, வேலை எண்டு ஆயிரம் யோசனையோடை இருக்கிறியள். அதுக்குள்ளை இன்னொரு அலுவலும் சொல்ல வேண்டியிருக்கு.

ஊரிலை நான் படிப்பிச்ச காலத்திலை ஒரு பெடியன் கடைசி வாங்கிலை இருந்தவன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிடிவாதக்காரன் எண்டு நானும் ஏசினனான். அவனுக்குக் காது சரியாகக் கேட்கேல்லை எண்டு தெரியவரேக்கை எட்டு வயசு. அந்தப் பிழை இண்டைக்கும் என்ரை மனதிலை கிடக்கு.

"கை தட்டினால் முழிக்குதுதானே" எண்டு சொல்லுவினம். அதை நம்பி இருக்கக் கூடாது. பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் பேச்சு விளங்காமல் போகலாம். ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 வரை காது கேளாமையோடு பிறக்கின்றன. அவர்களில் பெரும்பாலானோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பரிசோதனை சுகமானது. பிள்ளை நித்திரையாய் இருக்கேக்கை காதிலை சின்ன அடைப்பான் வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். உட்காது திருப்பி அனுப்பும் ஒலியை மெசின் பதியும். ஊசி இல்லை, நோவும் இல்லை. குறைமாதப் பிள்ளை, கடும் மஞ்சள் காமாலை வந்த பிள்ளை, சொந்தத்துக்குள்ளை முடிச்ச குடும்பத்துப் பிள்ளை எண்டால் டொக்டரிடம் கட்டாயம் அதைச் சொல்லுங்கோ.

முதல் தரம் சரிவராவிட்டால் பயப்பட வேண்டாம். பிறந்த நேரத்துத் திரவம் காதில் நிற்பதாலும் அப்படி வரும். ஆனால் மறு பரிசோதனைக்குப் போகாமல் விடாதேங்கோ.

மூன்று இலக்கத்தை நினைவில் வையுங்கோ: 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை. 6 மாதத்துக்கு முன் கண்டுபிடித்து உதவி கிடைத்த பிள்ளைகள் மொழியை நன்றாகக் கற்கிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் செய்த ஆய்வு 1998 இல் காட்டியது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்புறுதித் திட்டத்திலும் காதுக்குள் கருவி பொருத்தும் கொக்லியர் சத்திரசிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். பிந்தினால் வாசல் மூடிவிடும்.

முடிவுக் கடதாசியைப் பாஸ்போர்ட்டோடை வையுங்கோ. நாளைக்கு வேறை நாட்டுக்குப் போனாலும் அங்கை தொடங்க அது உதவும்.

கையிலை கடதாசி இல்லை எண்டு பயந்து வீட்டிலை இருந்திடாதேங்கோ. முதலிலை எங்களிட்டைச் சொல்லுங்கோ, என்ன வழி எண்டு சேர்ந்து பார்ப்பம்.