முதலில் பசியாறட்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



காலையில் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது என்ன? "பசியாறியாச்சா?" ஜாசினானாலும் அலோர்காஜாவானாலும், தோட்டமானாலும் பட்டணமானாலும் இதே கேள்விதான். இந்தக் கேள்வியை ஒரு காப்பியமும் கேட்கிறது, மனோதத்துவமும் கேட்கிறது.

காப்பியம், சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. துறவை நாடிய ஒரு பெண்ணின் ஆன்மிகப் பயணம். சோழ இளவரசன் உதயகுமாரன் அவளை விடாமல் தொடர்கிறான். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அவள் கைக்கு வருவது அமுதசுரபி, அள்ளக் குறையாத பாத்திரம். ஆதிரை இட்ட பிச்சையோடு அது சுரக்கத் தொடங்குகிறது. யானைத்தீ என்னும் தீராப் பசியால் வாடிய காயசண்டிகைக்குப் பசி தீர்கிறது. பஞ்சத்தில் வாடிய காஞ்சியிலும் முதலில் ஊருக்குச் சோறு போடுகிறாள். பிறகுதான் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். சோறு முன்னே, உபதேசம் பின்னே!

1943ல் ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். முதலில் உணவும் உறக்கமும், அடுத்து பயமில்லாத வாழ்வு, அப்புறம் அன்பு, அப்புறம் மதிப்பு, கடைசியில், உள்ளே இருக்கும் திறமை முழுதும் மலர்வது.

இதைப் பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். ஆனால் எனக்குப் புரிந்தது வகுப்பில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணக்குப் பாடத்தில் தூங்கி விழுந்த ஒரு பையனை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினேன். ஓய்வு நேரத்தில் பார்த்தால் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறான். "ஏன்டா, பசியாறலையா?" என்றேன். "அம்மா விடியறதுக்கு முன்னயே பெரட்டுக்குப் போயிட்டாங்க சார்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் முதல் என் பையில் ரெண்டு ரொட்டி கூடவே வந்தது. அவன் கணக்கில் முதலாவதாக வரவில்லை, ஆனால் தூங்கவில்லை.

மாணவர்களே, இன்னொன்றும் உண்டு. எல்லாத் தேவையும் தீரட்டும் என்று மணிமேகலை காத்திருக்கவில்லை. சிறையிலும் கிடந்தாள், தன்னைக் கொடுமை செய்த அரசிக்கும் நல்லதே சொன்னாள். தன் வரிசை மாறாத சட்டமல்ல என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார். ஆகவே, வீட்டில் வசதியில்லை என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

பெற்றோர்களே, வேலைக்குக் கிளம்புமுன் பிள்ளைக்கு ஒரு ரொட்டியாவது எடுத்து வையுங்கள். முடியாத வீடென்றால் பக்கத்து வீட்டார் ஆதிரையாகலாம். ஆசிரியரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்று பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் சோறு வடித்த ஒரு கை இருக்கிறது. அந்தக் கைகளை வணங்கி விடைபெறுகிறேன்.