பவளமும் பாசியும்

பவளம் என்றவுடன் மோதிரத்தில் பதிக்கும் செந்நிறக் கல்லே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது கடலடியில் பாறையாய் எழும் பவளம். சிற்றுயிர்கள் பல கூடிச் சுண்ணாம்பினால் கட்டிக்கொண்ட வீடு அது. மும்பைக் கடலிலும் அஃது உண்டு. 2020-ஆம் ஆண்டில் கடற்கரைச் சாலைப் பணிக்காக வொர்லி, ஹாஜி அலி கரைகளிலிருந்த பவளங்களைப் பெயர்த்தெடுத்துக் கொலாபாப் பக்கத்தில் நட்டார்கள்.

பவளத்துக்குப் பெருந்துணையும் பாசி, பெரும்பகையும் பாசி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்கே அளிக்கிறது. வெளியிலிருந்து வரும் பாசியோ பவளத்தின் மேல் படர்ந்து, ஒளியை மறைத்து, அதனை மூச்சுமுட்டச் செய்கிறது.

ஆராய்ச்சி நிலையங்களில் பவளத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மேடைகளில் ஒட்டித் தொட்டியில் வளர்ப்பதுண்டு. அங்கே முதல் தொல்லை பாசிதான். நறுக்கிய காயத்திலும் புதிய மேடையிலும் அது விரைந்து பற்றிக்கொள்கிறது. கையால் பிடுங்கினால் போதுமா? போதாது. மீனுக்கு இட்ட மிகுதித் தீனியும் மீனின் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்கும்வரை, பிடுங்கிய இடத்திலேயே மறுபடி முளைக்கும். ஆகவே தீனியைக் குறைக்க வேண்டும். நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆவியாகிப் போனதற்கு ஈடாக வடித்துச் சுத்தம் செய்த நீரையே ஊற்ற வேண்டும். விளக்கு எரியும் நேரத்தை அளவாக வைக்க வேண்டும். பாசியை மேயும் நத்தைகளை விடுவது நல்ல உதவி. பக்கத் தொட்டியில் வேறொரு பாசியை வளர்த்து, அதனைக் கொண்டே உரச்சத்தை உறிஞ்ச வைப்பதும் உண்டு. தாமிரம் கலந்த பாசிக்கொல்லி மட்டும் ஆகாது. அது நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும்.

தொட்டிக்குள்ள நியதி கடலுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் மண்டபம் அருகே உள்ளது குருசடைத் தீவு. ஐஸ்கிரீம் முதலியவற்றுக்குப் பதம் கொடுக்கும் ஒரு சத்துக்காக, கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசியை அப்பக்கத்தில் பயிரிட்டார்கள். கரையோர மக்களுக்கு அது பிழைப்பும் தந்தது. ஆனால் அப்பாசி தீவின் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 2008-இல் எழுதி வெளியிட்டனர். விதையின்றித் துண்டிலிருந்தே தழைக்கும் பயிர் அது. பிடுங்கும்போது ஒரு துண்டு எஞ்சினாலும் போதும், மீண்டும் பரவும். தொட்டியிலாவது நீரை மாற்றலாம். கடலை மாற்ற முடியுமா? வருமுன் காப்பதே அங்கு வழி.

மேய்வதற்கு ஒராவும் கிளிமீனும் கடலில் இருக்க வேண்டும். ஊர்ச் சாக்கடை நேரே கடலில் விழாதிருக்க வேண்டும். 2001 முதல் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. வீட்டுத் தொட்டிக்கென அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருள் நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து வந்தோர் பலர். ஊரிலிருக்கும் கடலும் இங்கிருக்கும் கடலும் நமக்கு உரியவையே. பாசியைக் குறை சொல்லுமுன், அதற்குத் தீனி போடுவது யார் என்று பார்ப்போமாக.