கேட்பதும் ஒரு வைத்தியமே

(வடக்கனந்தலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோமுகி அணைக்கு அருகேயுள்ள இவ்வூரில் நெல்லைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் பேசியவர்கள் பலர் இருப்பார்கள். நான் இன்று மனிதனுடைய மனத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பயிர் வாடினால் வேரைப் பார்க்கிறோம். மாடு தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். வீட்டில் ஒருவர் பல நாட்களாக உண்ணாமலும் உறங்காமலும் எவரோடும் பேசாமலும் இருந்தால் மட்டும், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். இது முறையாகுமா?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்களைத் தண்டிப்பது சட்டத்தின் கடமை. குடியை விட முடியாமல் தவிப்பவனை மீட்பதோ நம் எல்லோருடைய கடமையுமாகும்.

அதற்கு நாம் இதுவரை கையாண்ட வழி புத்திமதி ஒன்றே. குடிக்காதே என்று தாய் சொல்லியிருக்கிறாள், மனைவி அழுதிருக்கிறாள், ஊரார் ஏசியிருக்கிறார்கள். குடி கெடுதல் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வதால் அவன் நம் கண்ணில் படாமல் ஒதுங்குகிறானே தவிர, குடியை விடுவதில்லை.

மனத்தின் துயரத்தைப் பேச்சினால் ஆற்றும் முறை புதியதன்று. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, புதைந்து கிடக்கும் பழைய நினைவுகளைப் பேச வைத்துச் சிகிச்சை செய்யலானார். பின்னர் அமெரிக்க அறிஞர் கார்ல் ரோஜர்ஸ், தீர்ப்புக் கூறாமல் மதிப்போடு கேட்பதையே தம் முறைக்கு அடிப்படையாகக் கொண்டார். 1960-களில் ஆரோன் பெக் என்னும் மருத்துவர், சோர்ந்த மனத்தின் எண்ணங்கள் கோணிவிடுகின்றன என்று காட்டினார். ஒரு போகம் பொய்த்தவன், தான் எதற்கும் உதவாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறான் அல்லவா? அந்த முடிவு சரிதானா என்று அவனையே சோதித்துப் பார்க்கச் செய்வது அவரது முறை. 1983-இல் வில்லியம் மில்லர், குடிப்பவரோடு வாதாடாமல், விடுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் முறையை எடுத்துரைத்தார்.

இவையெல்லாம் பெரிய படிப்பாளிகளின் வேலை, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கோவாவில் நடந்ததைக் கேளுங்கள். மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சியளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். குடியால் கேடுற்ற ஆண்களை அவர்கள் ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார்கள். அதிகம் போனால் நான்கே சந்திப்புகள். முடிவு 2017-இல் வெளியாயிற்று. மூன்று மாதத்திற்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் கேடான குடியிலிருந்து விலகியிருந்தனர். இந்தப் பேச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 36 பேர். எல்லோரும் திருந்திவிடவில்லை. ஆனால் நூற்றுக்குப் பத்துக் குடும்பம் கூடுதலாகத் தலைநிமிர்ந்தால் அது சிறிய காரியமா?

ஆகவே, துயரப்படுபவரைத் தனியே அழைத்து உட்கார வையுங்கள். சாவடியில் நாலு பேர் நடுவே கேட்கவேண்டாம். பேச்சை அவருக்கு விட்டுவிடுங்கள். அவர் மௌனமானால் பொறுத்திருங்கள். சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். குடியால் அவருக்குக் கிடைப்பதென்ன, இழப்பதென்ன என்று கேளுங்கள். அடுத்த வாரத்திற்குள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மீண்டும் சந்திக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதை உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லலாகாது; ஒரு முறை வெளியே போனால் பிறகு எவரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க அஞ்சவேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. நெஞ்சின் பாரம் குறையவே செய்யும். ஆமென்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். சென்னையில் 1986-இல் தோன்றிய ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தார், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும் பொதுவிடம் அமைத்துப் பார்த்தனர். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வேகத்தில் எடுக்கும் முடிவுக்கும் கைக்கும் நடுவே ஒரு பூட்டு இருந்தால், மனம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. நம் ஊராட்சிகளிலும் இதைச் செய்யலாகாதா?

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை வழக்குக்குப் பயந்து மறைப்பதும் தவறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் அவ்வாறு செய்ததாகவே கருதி, சிகிச்சையும் ஆதரவும் அளிக்கச் சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கல்வராயன் மலைமேல் இருப்போருக்கும் இதைத் தெரிவியுங்கள். இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள்.

ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இப்பணிக்கு முன்வரட்டும். பயிற்சி கோரி ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். இன்று இங்கிருந்து வீடு திரும்பும்போது, சில நாட்களாகப் பேசாதிருக்கும் ஒருவருடைய வாசலில் சற்றே நின்று, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.