வெள்ளிக்கிழமைத் தாள்

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'பெற்றோருக்கு வாரந்தோறும் கற்றல் செய்தி' என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் இதில் வல்லுநர் அல்ல. ஓராண்டு முழுக்கத் தவறாகச் செய்துவிட்டு, பிறகு கொஞ்சம் திருத்திக்கொண்டவள். அந்தத் தவறைச் சொன்னால் உங்களில் சிலருக்காவது ஓராண்டு மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைத்தான் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் காலைப் பொழுதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை நடக்கும். அந்த மாதங்களில் கோழி கூவும் முன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். கையில் தூக்குவாளி, மழைக்குக் கொங்காணி சகிதம் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். சில குடும்பங்கள் தோட்டத்து லயத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிடும்.

அதாவது, நாம் பள்ளிக்கு வரும்போது பிள்ளையின் தாய் மலையில் இருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்பும்போது நாம் வீட்டில் இருக்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று நாம் ஒரு தாள் அனுப்பினால், அது அவருக்கு ஒரு நாள் கூலி. வராதவரைப் பற்றி "பிள்ளை மேல் அக்கறை இல்லாத பெற்றோர்" என்று ஆசிரியர் அறையில் நாம் பேசிக்கொள்கிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

சட்டம் இதை வேறு மாதிரிச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. உரிய நேரத்தில் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தொடர்ந்து தெரிவிப்பதும் அந்த வரிசையில் இருக்கிறது. கேட்டு வந்தால் சொல்வோம் என்று நாம் இருக்க முடியாது. கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு.

இந்த எண்ணத்தோடுதான் நான் வாரக் கடிதத்தைத் தொடங்கினேன். நான்காம் வகுப்பு, 28 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாள். ஒரு மாணவனுக்கு நான் எழுதியவை இப்படி இருந்தன: "வாசிப்பில் பின்தங்கியுள்ளான். கவனம் இல்லை. வீட்டில் படிக்க வைக்கவும்." அடுத்த வாரம்: "இன்னும் முன்னேற்றம் இல்லை. பெற்றோர் நேரில் வரவும்." பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. ஆறாவது வாரம் அவன் பள்ளிக்கே வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அப்பத்தா மட்டும் இருந்தார். "உக்காருங்க டீச்சர்" என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். கடிதம் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கடுதாசியா? லீவு விட்டாத்தான் பேப்பர் தருவாகன்னு பேரன் சொன்னானே" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல எழுந்து போய், ஓட்டு இறவாணத்தில் செருகியிருந்த தாள்களை உருவிக்கொண்டு வந்தார். ஐந்தும் நான்காக மடித்தபடியே இருந்தன. அடிக்கோடு போட்டதும் அதில் இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிறவன் யார்? அந்தப் பிள்ளைதான். தன்மேல் எழுதிய குற்றப்பத்திரிகையைத் தானே சுமந்துபோய், அடி கொடுக்கக்கூடிய அப்பாவிடம் நீட்டு என்று ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மறைத்ததில் என்ன ஆச்சரியம்? கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தான். அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்பத்தா கையில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவருக்கு எழுத்துத் தெரியாது. சேர வேண்டியவரிடம் சேராத, சேர்ந்தாலும் படிக்க முடியாத ஒரு கடிதத்தை எழுதிவிட்டு, பதிவேட்டில் 'பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று நான் குறித்து வைத்திருந்தேன்.

அதன்பிறகு தாளை அடியோடு மாற்றினேன். இப்போது அது அரைப்பக்கம், நான்கு பகுதி. பிள்ளைகள் அதற்கு 'வெள்ளிக்கிழமைத் தாள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துத் தாளை அப்படியே படிக்கிறேன்.

"இந்த வாரம் கடன் வாங்கிக் கழித்தல் படித்தோம்.
நான் 52இலிருந்து 27ஐ நானே கழிப்பேன்.
என்னிடம் கேளுங்கள்: 100 ரூபாய் கொண்டுபோய் 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? எப்படிக் கண்டுபிடித்தாய்?
டீச்சரிடம் நீங்கள் சொல்ல விரும்புவது:"

கடைசிப் பகுதிக்குக் கீழே இரண்டு கோடுகள் வெறுமையாக இருக்கும்.

இதை எழுதுவது பிள்ளை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம். முதல் வரியும் கேள்வியும் கரும்பலகையில் இருக்கும். இரண்டாம் வரியை ஒவ்வொருவரும் தம்மால் எது முடிகிறதோ அதைப் பார்த்து எழுத வேண்டும். அது உண்மையா என்று நான் பார்த்துக் கையெழுத்திடுவேன். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அதைப் பிள்ளையே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அப்பத்தாவோ அம்மாச்சியோ சொல்லும் பதிலைப் பிள்ளையே அந்தக் கோட்டில் எழுதி வர வேண்டும். எழுத்து, வாசிப்பு, கேட்டெழுதுதல் என்று மூன்று பயிற்சி இதிலேயே முடிந்துவிடுகிறது. தனியாக வீட்டுப்பாடம் தேவைப்படுவதில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படமும் ஒரு சொல்லும் போதும். மீதியை அவர்கள் வாயால் சொல்வார்கள்.

கேள்வி மிக முக்கியம். எழுத்துத் தெரியாதவரும் கேட்கக்கூடிய, விடை சரியா என்று பார்க்கக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். 100 ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று எந்த அப்பத்தாவுக்கும் தெரியும். நம்மைவிட வேகமாகச் சொல்வார். எடுத்த காயை எடை போட்டுப் பார்த்துப் பழகிய தாய்க்குக் கிலோவும் கிராமும் பாடமே அல்ல. "எனக்கு என்ன தெரியும், நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்" என்று நம்மிடம் கைகட்டி நிற்பவர்கள், வீட்டில் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

இனி, திரும்பி வந்தவற்றைப் பற்றிச் சொல்கிறேன். நான் அனுப்பியதைவிட அதுதான் பெரிது.

அந்த இறவாணத்துப் பையன் மூன்றாவது வாரம் கொண்டுவந்த தாளில், அவன் கையெழுத்திலேயே, எழுத்துப் பிழைகளோடு இப்படி இருந்தது: "பொஸ்தகத்த மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிக்கிறான். ஏன்னு பாருங்க டீச்சர்." உயரமானவன் என்று நான்தான் அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். கரும்பலகை அவனுக்குத் தெரியவே இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினோம், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கண்ணாடி கிடைத்தது. 'கவனம் இல்லை' என்று ஐந்து முறை எழுதிய எனக்கு, ஒரு முறையாவது "வீட்டில் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடமே பார்த்திராத ஒரு கிழவி கவனித்ததை, பி.எட். படித்த நான் கவனிக்கவில்லை.

கண்ணாடி போட்ட மறுநாளே அவன் சரளமாக வாசித்துவிடவில்லை. இரண்டு வருடத்து எழுத்துகள் அவனுக்குப் பாக்கி இருந்தன. ஆண்டு முடியும்போது பத்தி வாசித்தான். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள்கள் எதுவும் அதன்பிறகு இறவாணத்துக்குப் போகவில்லை.

செய்யும்போது கற்ற சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நிலையின் பெயர். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை நாம் பாடம் நடத்த வகுத்துக்கொண்ட நிலைகள். ஒருமுறை அதையே தாளில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை என்னை வழியில் நிறுத்தி, "எம்புள்ள இன்னும் அரும்பாவே இருக்காளாமே, பெயிலா டீச்சர்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து நிலையின் பெயரை எழுதுவதில்லை. 'இரண்டெழுத்துச் சொற்களை வாசிக்கிறாள், அடுத்து மூன்றெழுத்துச் சொற்கள்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது.

இரண்டாவது, வாட்ஸ்அப். குழு ஒன்று வைத்திருக்கிறேன். வகுப்புக்குப் பொதுவானதை மட்டும் அதில் போடுகிறேன். ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி, அது பாராட்டாகவே இருந்தாலும், குழுவில் வந்தால் மற்ற 27 வீட்டிலும் ஒப்பீடு தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் தொடுதிரை போன் அப்பாவிடம் இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன், அல்லது அதுவும் இல்லை. லயத்தில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறேன். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது கேட்டுக்கொள்கிறார்கள். அதில் பிள்ளையின் குரலும் இருக்கும். போன் ஒரு துணை. தாளுக்கு அது மாற்று ஆகாது.

மூன்றாவது, வருகை, ஒழுக்கம், பணம் தொடர்பான எதையும் இந்தத் தாளில் எழுதுவதில்லை. அவற்றை நேரில் பேசுகிறேன். குறை ஒன்று சேர்ந்துவிட்டால் தாள் மறுபடி இறவாணத்துக்குப் போய்விடும்.

நான்காவது, நம் நேரம். எமிஸ் பதிவுகளும் பதிவேடுகளும் இருக்க, இது வேறா என்று நீங்கள் நினைப்பது நியாயம். நான் ஒரு வாரத்துக்கு 7 பிள்ளைகளுக்கு மட்டும் என் கையால் ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். நான்கு வாரத்தில் 28 பேரும் முடிந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அந்த வாரம் கையெழுத்து மட்டும். பழகியபின் அரை மணி நேரத்துக்குமேல் ஆகவில்லை. ஆசிரியர் இல்லாத பாடவேளையில் செய்ய முடியாது என்பதால், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து வீட்டுத் தாள்கள் இன்னும் வெற்றுக் கோட்டோடுதான் வருகின்றன. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாணவியை மலைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவள் வகுப்பில் இருந்த வாரங்களில் எழுதிய தாள்களைச் சேர்த்துக் கட்டி, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயிடம் கொடுத்தனுப்பினேன். அவரும் அந்தத் தோட்டத்துக்குப் போகிறவர். "அம்மாவிடம் படித்துக் காட்டினாள்" என்று செய்தி வந்தது. பிள்ளை இன்னும் வரவில்லை. பொங்கலுக்குக் குடும்பம் இறங்கி வரும்போது நான் மறுபடி போய்ப் பேச வேண்டும்.

1950களின் இறுதியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. ஊர் மக்கள் நிலமும் கட்டடமும் தளவாடமும் தந்து பள்ளிகளை நிறுத்தினார்கள். அன்று பள்ளிக்குப் பொருள் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஜீப்பில் மலையேறுகிறார்கள். அவர்களிடம் நாம் இப்போது கேட்பது வாரத்தில் பத்து நிமிடம், பிள்ளை வாசிப்பதைக் கேட்பதற்கு. பதிலுக்கு நாம் தர வேண்டியது, தம் பிள்ளை இந்த வாரம் என்ன கற்றது என்ற செய்தி. அது அவர்களுக்கு உரியது.

உங்கள் ஊரில் அது ஏலக்காயாக இல்லாமல் செங்கல் சூளையாகவோ, பனியன் கம்பெனியாகவோ, மீன்பிடித் துறையாகவோ இருக்கலாம். கேள்வியை அந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வகுப்பில், வருகிற வெள்ளிக்கிழமை தொடங்குங்கள். கீழே இரண்டு கோடுகளை மட்டும் மறக்காமல் வெறுமையாக விடுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு, அந்தக் கோடுகளில் எழுதி வந்ததைக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.