நீள்வட்டத் திடலும் ஒரு வீராம்பட்டினத்தானும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க சார், பத்து நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். நான் விளையாட்டு வீரன் இல்லை என்பது இங்கே முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் வேடிக்கை பார்ப்பதில் அனுபவம் உண்டு. வீராம்பட்டினத்தில் பிறந்தவன். ஆடியில் செங்கழுநீரம்மன் தேருக்கு கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த நெரிசலில் அப்பா தோளில் உட்கார்ந்து வளர்ந்தவன். கூட்டம் எனக்குப் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டுதான் 2015 ஜூன் மாதம் மகளைப் பார்க்க மெல்போர்ன் போனேன்.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஊரில் கணக்கு வாத்தியார். 83-க்குப் பிறகு அங்கே போனவர். "தம்பி, சனிக்கிழமை ஃபுட்டிக்கு வாறியளோ?" என்றார். ஃபுட்பால்தானே என்று கிளம்பிவிட்டேன். 1992-லும் 2015-லும் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்த எம்.சி.ஜி. மைதானம், அதைப் பார்த்தால் போதும் என்ற ஆசைதான்.

போய் உட்கார்ந்தால், ஒன்றும் புரியவில்லை. திடல் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, முட்டை மாதிரி. பந்தும் முட்டை மாதிரி. பக்கத்துக்கு 18 பேர், மொத்தம் 36 பேர் ஓடுகிறார்கள். ஒவ்வொரு கோடியிலும் வலை இல்லாமல் நாலு கம்பங்கள். ஒருவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறான், இன்னொருவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கிறான். நடுவர் பேசாமல் இருக்கிறார். வேறொருவன் லேசாகத் தள்ளினான், உடனே விசில்! அரங்கத்தில் சிலர் எழுந்து திட்டுகிறார்கள். இது கபடியா, ரக்பியா, ஊர்ச் சண்டையா?

கணக்கு வாத்தியார் சிரித்தார். "பந்தைப் பாக்காதையுங்கோ தம்பி. அது எங்க வரப்போகுதோ அங்க பாருங்கோ."

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பெரிய வலை இழுக்கும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கயிற்றைப் பார்க்க மாட்டார்கள், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணைக் கொஞ்சம் தூசி தட்டி எடுத்தேன். பிறகு மெல்ல மெல்ல ஆட்டம் திறந்தது.

பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எடுத்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். முட்டை வடிவப் பந்து தட்டினால் கைக்கே திரும்பி வருவது அவர்கள் சாமர்த்தியம். உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து, அதை ஒருவர் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக உதைக்கலாம். இந்த மார்க்குக்காக எதிராளியின் முதுகில் முட்டி வைத்து ஏறிப் பறந்து பிடிக்கிறார்கள் பாருங்கள், அதற்கு மட்டுமே டிக்கெட் காசு தகும். ஆஃப்சைடு கிடையாது. சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்புவதும் அன்று நான் பார்த்த வரை கிடையாது. தப்பு செய்தவனை அடுத்த வாரம் விசாரித்துத் தண்டிக்கிறார்கள்.

நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கக் கம்பங்களுக்குள் போனால், பாவம் பார்த்து 1 புள்ளி. பலகையில் 14.8 (92) என்று எழுதுவார்கள். 14 கோல், 8 குறி தவறியவை, ஆக 92. குறி தவறியதற்கும் மார்க் போடும் ஒரே ஆட்டம் இதுதான் என்று சொன்னேன். "அதாலதான் கணக்கு வாத்தியாருக்குப் பிடிச்சது" என்றார் அவர்.

வயதிலும் சின்ன ஆட்டமல்ல. குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சோம்பிப் போகாமலிருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்பவர் 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859 மே மாதம் மெல்போர்னில் விதிகளை எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஃபுட்பால் சங்கம் விதி எழுதியது 1863-ல்தான். பழங்குடி மக்கள் தோல் பந்து வைத்து ஆடிய 'மார்ன்குரூக்' என்ற ஆட்டத்தின் சாயல் இதில் உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

பெரியவர் ரிச்மண்ட் கட்சி. மஞ்சள் கறுப்பு, சின்னம் புலி. நானும் புலியானேன். கட்சி சேராமல் இந்த ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது, சாம்பாரில்லாத இட்லி மாதிரி. இரு கட்சிக்காரர்களும் கலந்தே உட்காருகிறார்கள். எதிர்க்கட்சிப் பாட்டியம்மா எனக்கு பிஸ்கட் கொடுத்தார். பிடிபட்டவன் பந்தை விடாவிட்டால் மொத்த அரங்கமும் "பா...ல்!" என்று நடுவரைப் பார்த்துக் கத்தும். மூன்றாவது வாரம் நானும் கத்தினேன். மகள் பயந்துபோய் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அந்த வருஷம் செப்டம்பரில் முதல் நாக்-அவுட்டிலேயே ரிச்மண்ட் தோற்றது. 37 வருஷமாகக் கோப்பை இல்லாதவர்கள் 2017 செப்டம்பர் 30-ல் அடிலெய்டை 48 புள்ளியில் வென்றார்கள். அன்று விஜயதசமி. வீராம்பட்டினத்தில் செல்போனைப் பார்த்து நான் கத்தியதை என் வீட்டம்மா சாமி வந்ததாக நினைத்துக்கொண்டாள்.

இதுவரை சொன்னது சிரித்துக் கேட்கலாம். இனி ஒன்று.

அந்த 2015 ஜூலையில் டி.வி.யில் சிட்னி அணி ஆட்டம். ஆடம் குட்ஸ் என்ற வீரர், எண் 37, பழங்குடி வழி வந்தவர். ஆட்டத்தின் மிக உயர்ந்த பிரவுன்லோ பதக்கத்தை இருமுறை வாங்கியவர், 2014-ல் நாட்டின் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்'. அவர் பந்தைத் தொட்டாலே அரங்கம் ஊளையிடுகிறது. எட்டு வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, அவர் பந்தைத் தொட்டா மட்டும் ஏன் கத்துறாங்க?" 2013-ல் ஒரு சிறுமி தன்னைக் குரங்கு என்று கூப்பிட்டதை அவர் சுட்டிக்காட்டிய கதையை மகள் சொன்னாள். "அதுக்கில்லைப்பா, அவர் ஃப்ரீகிக் வாங்கறதுக்கு விழறார், அதுக்குத்தான் கத்தறோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் எங்கள் நிறம். சனிக்கிழமை காலையில் அதே ஆட்டத்தைப் பழகப் போகிறவன்.

குட்ஸ் அந்த வாரம் ஆடவில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டார். ஜூலை 31 வெள்ளி இரவு, ஹாத்தார்னை எதிர்த்து ரிச்மண்ட். பேரனையும் கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் ஆட்டக்காரர்கள் பழங்குடிச் சித்திரம் போட்ட சட்டையில் இறங்கினார்கள். அந்த வார ஆட்டங்களில் மூன்றாவது கால்பகுதி, ஏழாவது நிமிஷம் வந்ததும் ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். மூன்று, ஏழு, அவருடைய எண். பெரியவர் முழங்கால் வலியோடு எழுந்து நின்றார். நான் மட்டும் எழுந்திருக்கச் சற்று நேரமானது. காரணத்தைப் பேரனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நம் கல்லூரி மைதானத்தில், நான் இரண்டாமாண்டு படிக்கும்போது, வகுப்புகளுக்கு இடையிலான வாலிபால் இறுதி ஆட்டம். வரலாற்றுப் பிரிவில் பாகூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், இடது கையால் ஸ்மாஷ் அடிப்பார். எடுக்க எங்களிடம் ஆளில்லை. அவர் சர்வீஸ் போட வரும்போதெல்லாம் எங்கள் பக்கம் அவர் சாதியைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சொல்லை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் முழுக்க என்னை 'கவுச்சி' என்று கூப்பிட்டவர்கள்தான் அன்று என் பக்கத்தில் நின்றார்கள். அவர்களைவிட நான் சத்தமாகக் கத்தினேன். அதற்கப்புறம் என்னை யாரும் கவுச்சி என்று சொல்லவில்லை. கேட்டால், சும்மா ஆட்டத்தைக் கலைக்கத்தான் என்றோம். மெல்போர்ன் ஆபீஸில் சொன்னார்களே, அதே பதில்.

அவர் மூன்று சர்வீஸை வலையில் போட்டார். நாங்கள் ஜெயித்தோம். அடுத்த வருஷம் அவர் மைதானத்துப் பக்கம் வரவேயில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2019-ல் எல்லா 18 கிளப்புகளும் சேர்ந்து குட்ஸிடம் மன்னிப்புக் கேட்டன. நான்கு வருஷம் தாமதம் என்று அங்கே பலருக்கு வருத்தம். என் கணக்கில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நம் சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது, முகவரி இல்லை. பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரலாற்றுப் பிரிவு நண்பர்கள் யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்கள். நான் வாசல் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.