தமிழ்ப் பக்கம் எந்த அகலத்தில் உடையுது?

இந்த எபிசோடில் ரெஸ்பான்சிவ் டிசைன் பத்திப் பேசப்போறோம். ஒரே வலைப்பக்கம் கைபேசியிலும் டேப்லெட்டிலும் பெரிய மானிட்டரிலும் ஒழுங்கா தெரியறதுக்கு என்ன செய்யணும்? புதுசா கத்துக்கிறவங்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்கறேன். ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய ஒரு சிக்கல் பின்னால வருது.

2007இல் ஐபோன் வந்தப்போ, இருந்த தளங்கள் பெரும்பாலும் கணினித் திரையை மனசில் வெச்சுக் கட்டினவை. 320 பிக்சல் அகலத் திரையில் அதை எப்படிக் காட்டுறது? சஃபாரி பிரவுசர் தன்னோட அகலம் 980 பிக்சல்னு வெச்சுக்கிட்டு பக்கத்தை அடுக்கி, அப்புறம் மொத்தத்தையும் சுருக்கிக் காட்டிச்சு. நாம ரெண்டு விரலால் பெரிதாக்கிப் படிச்சோம். கைபேசி பிரவுசர்கள் இன்னைக்கும் இப்படித்தான் எடுத்துக்கும். அதை மாத்தத்தான் பக்கத்தோட ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் போடறோம். சாதனத்தோட அகலம் எவ்வளவோ அதையே எடுத்துக்கோன்னு அது சொல்லுது. இந்த ஒரு வரி விட்டுப்போச்சுன்னா, நீங்க எழுதுற மீடியா குவெரி எல்லாம் அந்த 980ஐ வெச்சே கணக்குப் போடும்.

2010 மே மாதம் ஈதன் மார்காட் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்ங்கிற பேரு அதிலிருந்து வந்ததுதான். அவர் சொன்னது மூணு விஷயம். அகலங்களை விகிதத்தில் கொடுங்க. படங்கள் அதோட பெட்டியைத் தாண்டாம பார்த்துக்கோங்க. மீடியா குவெரி வெச்சு அமைப்பை மாத்துங்க. பின்னால ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் எல்லாம் வந்து வேலை சுலபமாயிடுச்சு. ஆனா அடிப்படை அதேதான்.

சரி, எந்த அகலத்தில் அமைப்பை மாத்தணும்? அந்த இடத்தைத்தான் பிரேக்பாயிண்ட்னு சொல்றோம். நிறைய பேர் 768, 1024னு மனப்பாடமா போடறாங்க. அது முதல் ஐபேடோட திரை அளவு. இன்னைக்கு இருக்கிற திரைகளுக்குக் கணக்கே இல்லை. அதனால சாதனத்தைப் பார்க்காதீங்க, உள்ளடக்கத்தைப் பாருங்க. பிரவுசரை முடிஞ்ச அளவு குறுக்குங்க. அங்கேயிருந்து மெதுவா அகலமாக்கிக்கிட்டே வாங்க. வரி எங்கே ரொம்ப நீளமா போகுதோ, பெட்டி எங்கே வெறுமையா தெரியுதோ, அதுதான் உங்க பிரேக்பாயிண்ட்.

இங்கேதான் தமிழ் வருது. ஆங்கில டெம்ப்ளேட்டில் பட்டன்ல 'சப்மிட்'னு ஆறே எழுத்து. நம்ம பக்கத்தில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்'. ஆங்கிலத்தில் 360 பிக்சலில் அழகா நின்ன வரிசை, தமிழ் போட்டதும் பிதுங்கும். ஃப்ளெக்ஸ்பாக்ஸில் ஒரு பெட்டி, தனக்குள்ள இருக்கிற மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. அதோட இயல்பு அப்படி. நம்ம சொற்களோ உருபும் விகுதியும் ஒட்டி நீண்டுக்கிட்டே போகும். விளைவு, பக்கத்துப் பட்டன் திரைக்கு வெளியே போயிடும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லீங்க. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற ஒரு மாணவிக்கிட்ட கைபேசி மட்டும்தான் இருக்குன்னு வைங்க. கடைசி பட்டன் வலது ஓரத்தில் மறைஞ்சா, அவங்களுக்கு அந்தப் படிவமே இல்லாத மாதிரிதான். பிரவுசிங் சென்டருக்குப் போய் காசு கொடுத்து முடிக்கணும்.

என்ன செய்யலாம்? முதல்ல, இடம் பத்தலேன்னா பெட்டிகள் அடுத்த வரிக்கு இறங்க ஃப்ளெக்ஸ்-ராப் கொடுங்க. அப்படியும் ஒரு சொல் அடங்கலேன்னா, ஓவர்ஃப்ளோ-ராப் பண்புக்கு 'எனிவேர்'னு மதிப்பு கொடுங்க. வேற வழியில்லாதப்போ மட்டும் சொல்லை உடைக்கும். பட்டனுக்கு உயரத்தை பிக்சலில் பூட்டாதீங்க. 'கீ', 'மூ' மாதிரி எழுத்துகளுக்கு மேலயும் கீழயும் இடம் வேணும். வரி இடைவெளியை 1.6 அளவுக்கு வெச்சுப் பாருங்க. எல்லாத்துக்கும் மேல, டிசைனை ஆரம்பத்திலேயே தமிழ் வாசகங்களோட செய்ங்க. கடைசியில் மொழிபெயர்த்து ஒட்டினா, பிரேக்பாயிண்ட் எல்லாம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்ததாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் வழிகாட்டியில் ஒரு விதி இருக்கு. 320 பிக்சல் அகலத்திலும், பக்கவாட்டில் தள்ளிப் பார்க்காம பக்கத்தைப் படிக்க முடியணும். வரைபடம், பெரிய அட்டவணை மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. 320 ஏன்? 1280 பிக்சல் மானிட்டரை 400 சதவீதம் பெரிதாக்கினா கிடைக்கிற அகலம் அது. பார்வை குறைஞ்ச ஒருத்தர் கணினியில் பெரிதாக்கும்போது, அவருக்குக் கிடைக்கிறதும் உங்க கைபேசி வடிவம்தான். அதனால வியூபோர்ட் டேகில் ஜூமை முடக்கிடாதீங்க.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. நீங்க செஞ்ச ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, அகலத்தை 320க்குக் கொண்டு வாங்க. பக்கம் வலதுபுறம் நகருதான்னு பாருங்க. நகர்ந்தா, எந்தச் சொல் தள்ளுதுன்னு தேடுங்க. அங்கேயிருந்து சரிசெய்ய ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.