ஞாயிறு காலை ஒரு மணி நேரம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்தது பராமரிப்புக் கட்டணம் பற்றிய தீர்மானம். பெரும்பாலோர் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உடற்பயிற்சி நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் நாலு பேர் சொல்லிவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. நம் வளாகத்தில் ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து உடம்பை அசைக்கிற நேரம் எது? காலை ஐந்தரைக்கு நடப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆண்கள். அப்போது பிள்ளைகள் தூங்குகிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் கீழே வரும்போது அப்பாக்கள் வேலை முடிந்து திரும்பியிருப்பதில்லை. அம்மாக்களுக்கோ, வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், இரண்டு வேளையும் அடுப்படிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2022-ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டு வேலையையும் சேர்த்த பிறகுதான் இந்த 57.

தேவையோ ரொம்பக் குறைவு. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் என்கிறது அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வங்கியில் இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது: வாரத்துக்கு 10,080 நிமிடம், அதில் 150 என்பது ஒன்றரை சதவீதம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம். 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, உடம்பின் சமநிலைக்கான பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது; அந்த வேகம்தான் கணக்கில் வரும். தேர் மாதிரி நகர்ந்துகொண்டு அரசியல் பேசுவது வராது. இது எங்கள் காலை அணிக்கு.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். ஒரு கார்க் கண்ணாடி உடைந்த பிறகு, "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று பலகை வைத்தோம். கார்க்காரர்களின் கோபம் நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கீழே வருகிறார்கள், படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து மொபைல் பார்க்கிறார்கள்.

பந்து இல்லாமல் எவ்வளவோ விளையாட்டு இருக்கிறது. பாண்டிக்கு ஒரு சாக்பீசும் ஒரு சில்லும் போதும். ஒற்றைக் காலில் நிற்பது பேத்திக்கு விளையாட்டு, பாட்டிக்கு அதுவே சமநிலைப் பயிற்சி. பாட்டி மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும். கிளித்தட்டுக்குத் தரையில் கோடு வேண்டும். பார்க்கிங்கில் நாம் பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடுகள் கிளித்தட்டுக்கு என்றே போட்டது போலத்தான் இருக்கின்றன! அதில் பத்து வயதுப் பையனை மறிக்க நாற்பது வயது அப்பா ஓடிப் பார்க்கட்டும், ஜிம்முக்குக் கட்டிய பணம் ஞாபகம் வரும். ஸ்கிப்பிங் கயிறு பலர் வீட்டில் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். வளாகத்தைச் சுற்றி நடந்தால் போதும்.

என் தீர்மானம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் 8 வரை விசிட்டர் பார்க்கிங்கில் வண்டி நிற்கக் கூடாது. சனிக்கிழமை இரவே செக்யூரிட்டி சொல்லிவிடுவார். பந்து கிடையாது, பலகை அப்படியே இருக்கட்டும். மூன்று மாதம் சோதனையாக நடத்துவோம். அந்த ஒரு மணி நேரம் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன். டிபன் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் யாரும் மயங்கி விழ மாட்டோம். முடியாதென்றால் ஆண்கள் போய் உப்புமா கிண்டட்டும்.

முன்மொழிந்துவிட்டேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். பின் வரிசையில் இருக்கும் பெண்கள் யாராவது எழுந்தால் நல்லது.